மச்சான் நடந்த சாலை

வணிக மேலாண்மைப் பள்ளியில் முதல் நாள், ஆசிரியை வகுப்புக்குள் வந்ததும் கமினியேலி எழுந்து விறைப்பாக நின்றான். வேறு யாரும் எழவில்லை. இருபது வருடங்களுக்கு மேல் படையில் இருந்தவன். மேலே உள்ளவர் அறைக்குள் வரும்போது உட்கார்ந்திருக்க அவன் உடம்புக்குத் தெரியாது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆசிரியை ஷலேஷ்னி அவனைவிட வயதில் சிறியவர். உட்காருங்கள், இங்கே யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை என்று தயவாகத்தான் சொன்னார். அந்தத் தயவுதான் அவனைச் சுட்டது. மறுநாளும் எழுந்துவிட்டான். பாதி எழுந்த பிறகு நினைவு வந்து, விழுந்த பேனாவைத் தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டான்.

எங்கள் தீவில், நம்புவா ஊரில் எங்கள் தெருவில் படையை விட்டு வந்தவர்கள் நிறையப் பேர். பெரும்பாலானவர்கள் வங்கி வாசலிலோ சூப்பர் மார்க்கெட் வாசலிலோ காவலுக்கு நிற்கப் போவார்கள். நேற்றுவரை ஒரு பிரிவையே நடத்தியவன் இன்று கடையைவிட்டு வெளியே வருகிற பெண்களின் பையைத் திறந்து பார்ப்பான். கமினியேலி அந்த வாசலுக்குப் பயந்தான். அவன் மனைவி வாசிதி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். படையிலிருந்து வந்தவர்களுக்கு அந்தப் பள்ளியில் சில இடங்கள் உண்டு என்று கேள்விப்பட்டு வந்து சொன்னவள் அவள்தான். நீங்கள் ஆட்களை நடத்தியவர், அதைத்தான் அங்கே சொல்லித் தருகிறார்களாம், உங்களுக்கு ஏற்கெனவே பாதி தெரியும் என்றாள். அவள் சொன்னதை அவன் நம்பினான்.

போன பிறகுதான் தெரிந்தது, அவனுக்குத் தெரிந்த பாதி அங்கே செல்லாது என்று. குழுவாகச் சேர்ந்து ஒரு பாடம் தயாரிக்கச் சொன்னார்கள். கமினியேலி வேலையை ஆளுக்கொன்றாகப் பிரித்து, எப்போது முடிய வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, எல்லாரும் முடித்திருப்பார்கள் என்று போய் நின்றான். அவன் பங்கு மட்டும்தான் முடிந்திருந்தது. ஏன் செய்யவில்லை என்று அவன் கேட்ட குரல் பயிற்சி மைதானத்துக் குரல். குழுவிலிருந்த பெண் ஒருத்தி மடிக்கணினியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "அங்கிள், நாங்க ஒண்ணும் உங்க சிப்பாய் இல்ல" என்றாள். மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து வேட்டிபோல இடுப்பில் சுற்றும் சுலுவைக் கட்டிக்கொண்டு, மழை பெய்கிற கொல்லையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பள்ளி எப்படி என்று வாசிதி கேட்டதற்கு, நன்றாகப் போகிறது என்றான்.

அவனுடைய மச்சான் நெதானியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாசிதியின் அண்ணன். கமினியேலியின் பிரிவிலேயே சிப்பாயாக இருந்தவன். இப்போது நௌசோரி தடத்தில் மினிபஸ் ஓட்டுகிறான். வண்டி வருவதற்கு முன்னால் அதன் பாட்டுச் சத்தம் வந்துவிடும். எங்கள் பக்கத்தில் மச்சான் முறை என்றால் அதற்கு வரம்பே கிடையாது. ஒருவன் வீட்டுக்குள் இன்னொருவன் நுழைந்து கொடியில் காய்கிற சட்டையை உருவிப் போட்டுக்கொண்டு போகலாம். கேட்கவும் வேண்டாம், திருப்பித் தரவும் வேண்டாம். பறிகொடுத்தவன் சிரிக்க வேண்டும், பிறகு சமயம் பார்த்து இவனுடைய செருப்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இவர்கள் இருவரும் இப்படித்தான் வாழ்ந்தார்கள். கமினியேலி பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போக வாங்கிய புதுக் காலணி முதல் வாரத்திலேயே நெதானியின் காலில் மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்தது. "படிக்கிறவனுக்குக் காலு எதுக்கு மச்சான்? உனக்குத் தலை போதும். அதுவும் உங்கிட்ட இருக்குதான்னு பாத்துக்க" என்று தெரு கேட்கச் சொல்லிவிட்டுப் போனான்.

பிறகு, தலைமை தாங்குவது பற்றிய வகுப்பு வந்தது. நீங்கள் முன்னே நின்று ஒரு காரியத்தை நடத்திய நேரம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று ஷலேஷ்னி ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார். கமினியேலியிடம் சொல்வதற்கு இருந்தது. புயல் அடித்துப்போன தீவில் மாதக்கணக்கில் ஆட்களை வைத்துப் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தவன் அவன். ஆனால் தன்னைப் பற்றித் தானே நல்லதாகச் சொல்லிக்கொள்கிறவனை எங்கள் பக்கத்தில் யாரும் மதிப்பதில்லை. ஆள் உயரத்துக்கு மீன் பிடித்து வந்தவன்கூட ஏதோ சின்னதாகக் கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். பெரிதென்று சொல்வது பக்கத்து வீட்டுக்காரன் வேலை. அப்போது பிடித்தவன் பாயைப் பார்த்துக்கொண்டிருப்பான். கட்டிய பள்ளிக்கூடத்தைச் சொல்ல கமினியேலிக்கு நாக்கு எழவில்லை. இன்னொருவனுடைய காரியம் என்றால் அவனால் சொல்ல முடியும். அதனால் லெபனானில் நடந்ததைச் சொன்னான்.

தெற்கு லெபனானில் ஒரு மலைச்சாலையில் இவர்கள் அமைதிப்படையின் நீலத் தொப்பியோடு காவல் இருந்த காலம். ஒருநாள் கீழே சுடுகிறார்கள் என்று சாலையை மூடச் சொல்லித் தகவல் வந்தது. தடைக்கம்பத்தை இறக்கிவிட்டார்கள். சற்று நேரத்தில் ஒரு பழைய கார் வந்து நின்றது. கல்குவாரியில் பாறைக்கு அடியில் கை சிக்கிய ஒருவன் பின்சீட்டில் கிடந்தான். ஓட்டி வந்தவன் அவனுடைய தம்பி. கீழே ஊரில்தான் மருத்துவர் இருந்தார். கம்பத்தைத் தூக்க மேலிடத்து அனுமதி வேண்டும். வானொலிக் கருவியில் இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை. அப்போது பிரிவில் ஒருவன் கம்பத்தைத் தூக்கினான். துப்பாக்கியை வைத்துவிட்டு, இரண்டு கையையும் மேலே உயர்த்திக்கொண்டு, காருக்கு முன்னால் நடந்தான். இரண்டு பக்கத்து மலையிலிருந்தும் பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்று சாலை நடுவில், தேவாலயத்தில் பாடுகிற பாட்டை உரக்கப் பாடிக்கொண்டே, கீழே ஊர்வரை நடந்தான். கார் அவன் பின்னால் ஊர்ந்து போனது. யாரும் சுடவில்லை.

எங்களில் ஒருத்தன் என்றுதான் கமினியேலி சொன்னான். சொல்லும்போது அவன் முகம் மலர்ந்திருந்தது என்று பிறகு ஷலேஷ்னி சொன்னார். தீவுக்காரர்கள் தங்கள் நல்ல காரியத்தை இப்படித்தான் அடுத்தவன் தலையில் ஏற்றிச் சொல்வார்கள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஷலேஷ்னி வகுப்பைப் பார்த்து, "கவனிச்சீங்களா? அது நான்தான்னு கடைசிவரைக்கும் சொல்லல" என்றார். அங்கிள் என்று கூப்பிட்ட பெண் முதலில் கை தட்டினாள்.

வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். அது நான் இல்லை என்று சொன்னால் போதும். கமினியேலி பாயைப் பார்ப்பதுபோல மேசையைப் பார்த்தான். அந்தப் பார்வையே ஆமாம் என்று சொல்லிவிட்டது.

அவன் வகுப்பில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தப் பிரிவுக்குத் தலைவன் கமினியேலி. கம்பத்தைத் தூக்கியவன் நெதானி. அனுமதி வரும்வரை யாரும் கம்பத்தைத் தொடக் கூடாது என்று கட்டளை போட்டவனும் கமினியேலிதான். நெதானி திரும்பி வந்ததும் அவன்மீது மேலே புகார் எழுதினான். சொந்த மச்சான் என்பதால் விட்டுவிட்டான் என்று நாளை யாரும் பேசிவிடக் கூடாதே என்று நினைத்தான். வேறொருவனாக இருந்தால் வாயால் திட்டிவிட்டு விட்டிருப்பான் என்று அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான். நெதானி பதவியைக் காட்டும் கைப்பட்டையை இழந்தான். பிறகு அது திரும்ப வரவில்லை. வெறும் சிப்பாயாகவே வெளியே வந்தான்.

வாசிதிக்கு இது தெரியாது. அண்ணன் பட்டையை இழந்தான் என்பது மட்டும் தெரியும். வெளிநாட்டில் குடித்துவிட்டு ஏதோ செய்திருப்பான் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் உட்கார்ந்து இப்படிப்பட்ட பேச்சைப் பேசுவதில்லை. அண்ணியிடம் சொல்லிவிட்டாள்: சபைக்காரர்கள் முகத்தில் என்னால் விழிக்க முடியவில்லை, குடியை விடச் சொல். நெதானி அதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். உண்மையைச் சொன்னால் புகார் எழுதியது அவள் புருஷன் என்பதையும் சொல்ல வேண்டிவரும். அதனால் குடிகாரன் என்ற பெயரோடு இருந்துகொண்டான். கமினியேலியும் அதைத் திருத்தவில்லை.

அந்த வகுப்புக்குப் பிறகு பள்ளி அவனுக்கு வேறாகிவிட்டது. குழு அவனைக் கேட்டு வேலை செய்தது. கணக்குப் பாடத்தில் அவன் தடுமாறும்போது அந்தப் பெண் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சொல்லிக் கொடுத்தாள். வருடக் கடைசியில் பல நிறுவனங்களின் மேலாளர்கள் வரும் கூட்டத்தில் பேச ஷலேஷ்னி அவன் பெயரைக் கொடுத்தார். இந்தத் தடவை தயங்காமல் நேராகச் சொல்லுங்கள், அவர்களுக்கு நம் ஊர் அடக்கம் புரியாது என்றும் சொல்லி அனுப்பினார்.

கமினியேலி கொல்லையில் நின்று பேசிப் பழகினான். முதலில் ஒருத்தன் என்றே சொல்லிப் பார்த்தான். பிறகு நான் என்று சொல்லிப் பார்த்தான். வாய் முதல் தடவை கூசியது, அடுத்த தடவை அவ்வளவாகக் கூசவில்லை. மனிதன் ஒரே தாவலில் பொய்யனாவதில்லை என்று நினைக்கிறேன். அடுத்தவர்கள் தப்பாக நினைத்துக்கொண்டதைத் திருத்தாமல் விடுவது முதல் படி. அந்தப் படியில் நிற்கிறவனுக்குத் தான் இன்னும் ஒன்றும் செய்யவில்லை என்றே தோன்றும்.

கூட்டத்துக்குச் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டவள் வாசிதி. ஒருவனுக்கு மரியாதை நடக்கிற இடத்தில் பெண் கொடுத்த வீட்டாரும் இருக்க வேண்டும் என்பது முறை. எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வந்ததே நெதானியின் மினிபஸ்தான். மேடை ஏறிய பிறகுதான் கமினியேலி அவனைப் பார்த்தான். நெதானி கடைசி வரிசையில், பூப்போட்ட சட்டையும் இவனுடைய காலணியும் போட்டுக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முன்வரிசையில் வாசிதி.

நிறுத்தியிருக்கலாம். புயல் தீவைப் பற்றிப் பேசியிருக்கலாம். ஆனால் பேசிப் பழகிய வாய் பழகிய வழியிலேயே போயிற்று. நான் கம்பத்தைத் தூக்கினேன் என்றான். நான் நடந்தேன் என்றான். என்ன பாட்டுப் பாடினான் என்பதையும் சொன்னான். வாசிதி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். நெதானியும் எழுந்து தட்டினான். எல்லாரும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டினான்.

வாலு பே துறைமுகத்தில் சரக்கு அனுப்புகிற நிறுவனத்து மேலாளர் வந்து கையைக் குலுக்கினார். அவசரத்தில் தானாக முடிவெடுக்கிற ஆள்தான் எங்களுக்கு வேண்டும், அடுத்த வாரம் வந்து பாருங்கள் என்றார்.

திரும்பும்போது மினிபஸ்ஸில் ஒரே பேச்சு. இத்தனை வருடம் எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னாயா என்று கிழவிகள் கமினியேலியின் முதுகில் அடித்தார்கள். அவன் ஜன்னலைப் பார்த்தபடி வந்தான். ஓட்டிக்கொண்டிருந்த நெதானி கண்ணாடி வழியே அவனைப் பார்த்து, "நல்லா நடந்தே மச்சான்" என்றான். "ஆனா சுதி கொஞ்சம் ஏறிப்போச்சு. அவ்வளவு நல்லாவா பாடினே?" வண்டி முழுக்கச் சிரித்தது. வாசிதியும் சிரித்தாள். பிறகு பக்கத்திலிருந்த அண்ணியிடம், அண்ணனுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள்: "ஒரே இடத்துலதான் ரெண்டு பேரும் இருந்தாங்க. ஒருத்தர் இப்படி, இன்னொருத்தர் அப்படி." நெதானி பாட்டைச் சத்தமாக வைத்தான்.

அந்தச் சொல் கமினியேலிக்குள் இறங்கிவிட்டது. மேடையில் நின்றபோது வராத வெட்கம் அப்போதுதான் முழுதாக வந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது வாசிதி டின் மீனைத் தேங்காய்ப்பாலில் போட்டு வைத்து, பெரிய துண்டாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தாள். அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான்.

மறுநாள் மினிபஸ் நிலையத்துக்குப் போனான். நெதானி வண்டிக்குள் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கமினியேலி பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தான். தப்பு செய்துவிட்டேன் என்று ஆரம்பித்தான். நெதானி பாதி ரொட்டியைப் பிய்த்து அவன் கையில் வைத்தான்.

"என் சட்டைய நீ எடுத்தே, நான் கேட்டனா? உன் ஷூவ நான் எடுத்தேன், நீ கேட்டியா?" என்றான். "இதுவும் அப்படித்தான். எடுத்தாச்சு, போட்டுக்க. உனக்கு நல்லா பொருந்துது."

"அது சட்டை இல்லடா."

"சட்டைதான். பழசு. எனக்கு அது எதுக்கு? பஸ்ஸுல ஏறுறவங்க என்ன கேக்குறாங்க, டிரைவரே லெபனான்ல என்ன செஞ்சேன்னா கேக்குறாங்க? சமாபுலா ஸ்டாப்புல நிப்பியான்னு கேக்குறாங்க." கொஞ்சம் மென்றான். "கடவுளுக்காக நான் பாடலடா. முட்டி ஆடுற சத்தம் எனக்கே கேட்டுச்சு. அது கேக்கக் கூடாதுன்னு பாடினேன். அத நீ சொல்லல, நல்ல வேளை."

தம்புவாவோடு முறைப்படி வந்து மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்றான் கமினியேலி. தம்புவா என்பது திமிங்கிலப் பல். பெரிய தப்பைச் செய்தவன் அதை ஏந்திக்கொண்டு பாதிக்கப்பட்டவன் வீட்டுப் பாயில் வந்து உட்கார வேண்டும். என்ன தப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்லப்படும். அவர்கள் பல்லை வாங்கிக்கொண்டால் தீர்ந்தது.

நெதானியின் விளையாட்டு நின்றுவிட்டது. "வேணாம்" என்றான். "பல்லக் கொண்டுவந்தா எதுக்குன்னு சொல்லணும். அவ உக்காந்திருப்பா. புருஷனப் பத்தி இப்பத்தான் அவ தலை நிமிந்து பேசுறா. எங்கூடவா அவ குடித்தனம் நடத்துறா? என்னப் பத்தி எது வேணா நினைச்சுட்டுப் போகட்டும். உங்கூடதான் இருக்கணும் அவ."

வண்டி நிரம்பிவிட்டது. நெதானி இவனை இறங்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். கமினியேலி கையில் ரொட்டியோடு மழையில் நின்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். நெதானியோ அந்தத் திருட்டையே தானமாக மாற்றிக் கையில் வைத்துவிட்டான். இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வேலை, பெயர், வாசிதியின் நிமிர்ந்த தலை எல்லாம் அப்படியே இருக்கும். அவன் அதை யோசிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் யோசித்தான்.

முதலில் பள்ளிக்குப் போனான். ஷலேஷ்னி குறுக்கே பேசாமல் கேட்டார். அது நீங்கள்தான் என்று முதலில் சொன்னவளே நான்தான், எனக்கும் இதில் பங்கு உண்டு என்றார். அவன் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. நிறுவனத்துக்கு நான் சொல்லட்டுமா, நீங்கள் சொல்கிறீர்களா என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்று அங்கிருந்தே தொலைபேசியில் சொன்னான். மறுமுனையில் மேலாளர் நன்றி என்றார், யோசித்துச் சொல்கிறோம் என்றார். பிறகு அவர்கள் கூப்பிடவில்லை. வகுப்பிலும் எழுந்து சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் திரும்பவும் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டாள். இதெல்லாம் எதிர்பார்த்ததைவிட எளிதாக இருந்தது என்றான் என்னிடம். எளிதாகத்தான் இருக்கும். அவர்கள் யாரும் அவனுக்கு மீன் துண்டு எடுத்து வைப்பதில்லை.

வாசிதியிடம் சொல்ல முடியவில்லை. சமையலறை வாசல்வரை போவான், சீனி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வருவான்.

கடைசியில் தன் சித்தப்பா எபராமாவிடம் போனான். அவன் வீட்டுச் சார்பில் இப்படிப்பட்ட இடங்களில் பேசுகிறவர் அவர். தப்பு செய்தவன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பான், பேச்செல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். கேட்டு முடித்ததும் எபராமா வெகு நேரம் குடிக்கக் கலக்கும் கவா வேரை உரலில் இடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "பல்ல நான் தூக்கிட்டு வர்றேன். இது என்னான்னு என் வாயால சொல்ல மாட்டேன். எடுத்தது உன் வாய்தான். நீயே சொல்லு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டதும் நெதானி வீட்டுக்குப் போனார்கள். ஒரே தெரு என்பதால் நானும் கூடப் போனேன். வாசிதியும் வந்தாள். ஏதோ பழைய நிலச் சச்சரவு, அதற்கு மன்னிப்பு என்று அவளிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். கமினியேலி அதையும் திருத்தவில்லை. தைரியமாக மன்னிப்புக் கேட்டான் என்று தெருவில் இன்று அவனைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்டு. அப்படிச் சொல்ல எனக்கு நா வரவில்லை. கட்டியவளிடம் வீட்டுக்குள் சொல்ல வேண்டியதைச் சபை நடுவில் அவள் கேட்கும்படி விட்டான். வெட்கம் அவனை அவ்வளவு தூரம்தான் நல்லவனாக்கியிருந்தது.

பாயில் இரண்டு பக்கமாக உட்கார்ந்தோம். மேல்பக்கம் நெதானி, அவன் மனைவி, அவர்கள் வீட்டுப் பெரியவர்கள். கதவோரமாகக் கீழ்ப்பக்கம் நாங்கள். கமினியேலியின் முதுகுக்குப் பின்னால் வாசிதி. எபராமா தம்புவாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, இந்த வீட்டுக்கு நாங்கள் தலை குனிந்து வந்திருக்கிறோம் என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினார். அப்படி யாரும் நிறுத்திப் பார்த்ததில்லை. பெரியவர்கள் நிமிர்ந்தார்கள். நெதானி மட்டும் கமினியேலியைப் பார்த்து வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினான்.

"லெபனான்ல கம்பத்தத் தூக்குனவன் நெதானி" என்றான் கமினியேலி. குரல் கீழே இருந்தது. "காருக்கு முன்னால நடந்தவனும் அவன்தான். நான் நிறுத்தச் சொன்னேன். அவன் கேக்கல. திரும்பி வந்ததும் அவன்மேல புகார் எழுதினது நான். அதனாலதான் அவன் பட்டை போச்சு. குடிச்சதால இல்ல. அவன் நடந்தத நான் நடந்ததா மேடையில சொன்னேன்."

அவன் தலையைத் தூக்கவில்லை. பின்னால் துணி சரசரக்கும் சத்தம். வாசிதியின் ஞாயிற்றுக்கிழமைப் பாவாடை. அவள் எழுந்தாள். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நிமிர்ந்து நடக்கக் கூடாது. நன்றாகக் குனிந்துகொண்டு, அவன் தோளை ஒட்டியே நடந்து, பாயைக் கடந்து, மேல்பக்கம் போனாள். அண்ணியின் பக்கத்தில், அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பல்லைக் கொண்டு வந்தவர்களோடு வந்தவள் பல்லை வாங்குகிறவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டாள்.

நெதானி பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கழுத்து மட்டும் விறைத்திருந்தது. எபராமா நீட்டிய பல்லை அவன் உடனே வாங்கவில்லை. பெரியவர் ஒருவர் இருமினார். பிறகு வாங்கினான். வாங்கியதும் அந்தப் பக்கத்தவர்கள் எல்லாரும் கையைக் குவித்து மெல்லத் தட்டினார்கள். வாசிதியும் தட்டினாள். தப்பு இந்த நாளோடு முடிந்தது, இனி இதை இரண்டு பக்கத்திலும் யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று நெதானி முறைப்படி சொன்னான். விளையாட்டே இல்லாத குரலில் அவன் பேசி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

சாப்பாடு வந்தது. சேம்பும் மீனும். பல் கைமாறிவிட்டால் பக்கம் என்று ஒன்று கிடையாது, எல்லாரும் கலந்து உட்காரலாம். கலந்து உட்கார்ந்தோம். வாசிதி அண்ணி பக்கத்திலேயே இருந்து சாப்பிட்டாள். நெதானி தட்டை எடுத்துக்கொண்டு கமினியேலியிடம் வந்து உட்கார்ந்து, மீன் தலையை எடுத்து அவன் தட்டில் போட்டான். கமினியேலி சாப்பிட்டான்.

சாயங்காலம், பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டு வாசிதி வீட்டுக்கு வந்தாள். கொடியிலிருந்த துணிகளை எடுத்துப் பாயில் போட்டு மடிக்க ஆரம்பித்தாள். அவனுடைய சட்டைகளும் அதில் இருந்தன. கமினியேலி வாசற்படியில் நின்றான். அவள் கேட்பாள் என்று இருந்தான். ஏன் எழுதினீர்கள், ஏன் இத்தனை வருடம் என் அண்ணனைக் குடிகாரன் என்று நினைக்க விட்டீர்கள், ஏன் என்னிடம் முதலில் சொல்லவில்லை. எதைக் கேட்டாலும் சொல்வதற்குத் தயாராக இருந்தான். அவள் கேட்கவில்லை.

"வாசிதி, அன்னைக்கு நான்..." என்று அவனே தொடங்கினான்.

"பல்ல வாங்கியாச்சு" என்றாள் அவள், ஒரு சட்டையின் கையை உள்ளே மடக்கியபடி. "நானும்தான் வாங்கினேன். இனிமே அதப் பேசக் கூடாது."

அடுத்த சட்டையை எடுத்தாள். அவன் உள்ளே வரவும் இல்லை, படியை விட்டு இறங்கவும் இல்லை.